குஞ்சுக்கும் கோழிக்கும் ஏற்ற கூளம்

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. பெற்றவள் கடிந்துகொண்டாலும் பிள்ளைக்குக் கேடு வராது என்பது அதன் பொருள். கோழி மிதித்துக் குஞ்சு சாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் குஞ்சு மிதிக்கின்ற தரை ஈரமாக இருந்தால், அந்தத் தரையே அதைக் கொன்றுவிடும். இதைப் பற்றிப் பழமொழி எதுவும் சொல்லவில்லை. ஆகவே நாங்கள் சொல்ல முன்வந்துள்ளோம்.

பாவூர்சத்திரத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கோழி இல்லாத தெருவைக் காண்பது அரிது. எங்கள் வகுப்புத் தோழியர் பலருடைய அம்மாக்கள் வீட்டிலிருந்து பீடி சுற்றுகின்றனர். அந்த வருமானத்தோடு பத்துக் கோழியும் இருபது குஞ்சும் வைத்து வளர்க்கின்றனர். சேவலை விற்ற பணம் சீருடையாகிறது. முட்டை விற்ற பணம் நோட்டுப் புத்தகமாகிறது. ஆதலால் இருபது குஞ்சில் பன்னிரண்டு செத்துப்போனால் அது சிறிய இழப்பன்று. அந்த வீட்டின் ஒரு மாதக் கணக்கே தவறிப்போகும்.

சென்ற ஆடி மாதம் எங்களில் ஒருத்தியின் சித்தி வீட்டில் அப்படித்தான் நடந்தது. கண்ணேறு என்றார் ஒருவர். குஞ்சு விற்றவரே நோயுள்ள குஞ்சைக் கொடுத்திருப்பார் என்றார் மற்றொருவர். நாங்கள் போய்ப் பார்த்தபோது தண்ணீர்த் தட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தரை சொதசொதவென்று இருந்தது. எஞ்சிய குஞ்சுகள் அந்த ஈரத்திலேயே நின்று குடித்துக்கொண்டிருந்தன. அதன் பிறகே கூளத்தைப் பற்றிப் படிக்கவும், கேட்டறியவும், சோதித்துப் பார்க்கவும் தொடங்கினோம்.

கூளம் எதற்கு?

கோழிக் கொட்டகையின் தரையில் பரப்பும் உமி, மரத்தூள் முதலியவற்றைக் கூளம் என்கிறோம். கோழிக்கு மெத்தை வேண்டும் என்பதற்காக இதைப் போடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். மென்மை தருவது கூளத்தின் சிறு வேலைதான். எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சி, அதைக் காற்றில் விட்டு, தரையை உலர்வாக வைத்திருப்பதே அதன் முதல் வேலை. தரையின் குளிர் குஞ்சின் வயிற்றில் ஏறாமல் தடுப்பது அடுத்த வேலை.

கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். ஈரம் இருந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியா வாயுவை உண்டாக்குகின்றன. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதே, அதற்குக் காரணம் இந்த வாயுதான். காற்றில் பத்து லட்சம் பங்கில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா இருக்கக் கூடாது என்பது வல்லுநர் கருத்து. அதை அளக்க நம் வீட்டில் கருவி இல்லை, மூக்கு இருக்கிறது. குனிந்து, குஞ்சு நிற்கும் உயரத்தில் முகர்ந்து பார்க்க வேண்டும். நம் தலை உயரத்தில் தெரியாத நெடி அங்கே தெரியும். நமக்கு உறைத்தால், நாள் முழுதும் அங்கேயே மூச்சு விடும் குஞ்சுக்கு எவ்வளவு உறைக்கும்!

ஈரத்தால் வரும் இரண்டாவது கேடு இரத்தக் கழிச்சல். ஐமீரியா என்னும் ஓரணு உயிரி இதற்குக் காரணம். நோயுள்ள பறவையின் எச்சத்தில் இதன் நுண்கூடுகள் வெளிவருகின்றன. வெளிவந்தவுடன் அவை தீங்கு செய்வதில்லை. வெப்பமும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து, அவற்றைக் கொத்தும் குஞ்சுக்கு நோயைத் தருகின்றன. கூளம் உலர்வாக இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை முதிர முடியாது. மருந்து வாங்குவதற்கு முன் தரையை உலர்த்த வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது கேடு பூஞ்சைக் காளான். மக்கிய வைக்கோலிலும் ஈரம்பட்ட உமியிலும் வளரும் இதன் வித்துகள் குஞ்சின் நுரையீரலில் தங்கி மூச்சுத் திணறலை உண்டாக்குகின்றன. இந்நோய்க்குப் பயன் தரும் சிகிச்சை இல்லை என்றே சொல்லலாம். எனவே மக்கிய வாடை அடிக்கும் எந்தப் பொருளையும், இலவசமாகக் கிடைத்தாலும், உள்ளே விடக் கூடாது.

நாங்கள் செய்த சோதனை

எங்கள் வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் நான்கு பொருள்களை எடுத்துக்கொண்டோம். அவை நெல் உமி, மரத்தூள், தென்னை நார்க்கழிவு, நறுக்கிய வைக்கோல். ஒரே அளவுள்ள நான்கு தகர டப்பாக்களின் அடியில் ஆணியால் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை நிரப்பினோம். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றி, கீழே வடிவதைப் பார்த்தோம்.

வைக்கோலிலிருந்தும் உமியிலிருந்தும் தண்ணீர் உடனே வடிந்துவிட்டது. வைக்கோலின் மேல் மெழுகு போன்ற பூச்சு இருப்பதும், உமியின் புறம் கடினமாக இருப்பதும் இதற்குக் காரணம் என்று அறிவியல் ஆசிரியை விளக்கினார். மரத்தூளில் குறைவாகவே வடிந்தது. நார்க்கழிவிலிருந்து மிகச் சிறிதளவே வந்தது. அப்படியானால் நார்க்கழிவுதான் மிகச் சிறந்த கூளம் என்று தோன்றும் அல்லவா?

மறுநாள் நான்கையும் தட்டில் பரப்பி நிழலில் வைத்தோம். அப்போது வரிசை தலைகீழாயிற்று. உமி முதலில் உலர்ந்தது. நார்க்கழிவு கடைசிவரை ஈரமாகவே இருந்தது. நிறையக் குடிக்கும் பொருள் எளிதில் திருப்பித் தருவதில்லை என்று தெரிந்துகொண்டோம். கூளத்துக்கோ குடிக்கவும் தெரிய வேண்டும், திருப்பித் தரவும் தெரிய வேண்டும். ஆகவே ஒரே பொருளை நம்பாமல் உமியையும் நார்க்கழிவையும் கலந்து போடுவது நல்லது. நார்க்கழிவு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். உமி இடைவெளி விட்டுக் காற்றுப் புகச் செய்யும். தோழியரே, இச்சோதனையை நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்.

குஞ்சுகளுக்கு

பிறந்த குஞ்சுக்குத் தீவனம் எது, தரை எது என்று தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் கொத்தும். மிக நைந்த மரத்தூளைத் தின்று இரைப்பை அடைத்துப்போவதும் உண்டு. ஆகவே முதல் வாரத்தில் மரத்தூளைத் தனியாகப் போடக் கூடாது. தச்சர் இழைப்புளி போடும்போது சுருண்டு விழும் மரச்சீவல் கிடைத்தால் நல்லது. இல்லையேல் சுத்தமான உமியே போதும். அதை இரண்டு அங்குல உயரம் சமமாகப் பரப்ப வேண்டும்.

உமியின் மேல் முதல் சில நாள்கள் காகிதம் விரித்து, அதில் சிறிது தீவனத்தைத் தூவுவது வழக்கம். தீவனத்தின் சுவையைக் குஞ்சு அறிந்துகொள்ள இது உதவும். ஆனால் வழுவழுப்பான காகிதம் ஆகாது. வழுக்கும் தரையில் நிற்கும் குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்துபோய், பிறகு எழுந்து நடக்கவே இயலாமல் போகலாம். நெளி அட்டையாக இருந்தால் கால் பிடிக்கும். செய்தித்தாளாக இருந்தால் கசக்கிச் சொரசொரப்பாக்கி, மூன்று நான்கு மடிப்பாக விரித்து, நாளுக்கு ஒரு தாளை எடுத்துவிட வேண்டும். தாள் தீரும்போது குஞ்சு தீவனத்தட்டை அறிந்திருக்கும்.

குஞ்சு வருவதற்கு முதல் நாளே கூளத்தைப் பரப்பி, விளக்கை ஏற்றித் தரையைச் சூடாக்கி வைக்க வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. காற்று சூடாக இருந்து தரை குளிர்ந்திருந்தால் பயனில்லை. கூளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும். எல்லாக் குஞ்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது என்று பொருள். விளக்கைவிட்டு விலகி ஓரத்தில் ஒதுங்கினால் சூடு மிகுதி என்று பொருள்.

தாய்க்கோழியோடு இருக்கும் குஞ்சுக்கு விளக்கு வேண்டாம். தாயின் சிறகே போதும். ஆனால் இரவில் பஞ்சாரம் கவிழ்க்கும் இடத்தில் வெறுந்தரை இருக்கக் கூடாது. உமியை இரண்டு அங்குலம் பரப்பி அதன் மேல் பஞ்சாரத்தைக் கவிழ்க்க வேண்டும். காலையில் எச்சம் விழுந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிய உமியைத் தூவினால் போதும்.

எங்கள் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பீடி இலை நறுக்கிய துண்டுகள் உலர்வாகவும் இலவசமாகவும் கிடைக்கின்றன என்று அவற்றைக் குஞ்சுக்குப் பரப்ப வேண்டாம். அவற்றோடு புகையிலைத் தூள் கலந்திருக்கும். புகையிலையில் உள்ள நிகோட்டின் பறவைகளுக்கு நஞ்சாகும். பீடி சுற்றும் இடத்திலிருந்து குஞ்சுகளைத் தள்ளியே வைக்க வேண்டும்.

வளர்ந்த கோழிகளுக்கு

நம் பள்ளிச் சத்துணவில் இடும் முட்டைகள் பெரும்பாலும் நாமக்கல் பகுதியிலிருந்து வருகின்றன. அங்கே முட்டைக் கோழிகளைக் கம்பிக் கூண்டில் வளர்க்கின்றனர். எச்சம் கம்பியின் வழியே கீழே விழுந்துவிடுவதால் கூளம் தேவைப்படுவதில்லை. பல்லடம் பகுதியின் கறிக்கோழிப் பண்ணைகளிலோ கோழிகள் தரையில் கூளத்தின் மேல் வளர்கின்றன. நம் வீட்டுக் கொட்டகை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

வளர்ந்த கோழிக்கு ஏற்றது ஆழ்கூள முறை. நான்கு அங்குலத்தில் தொடங்கி, பழையதை அள்ளாமல் மேலே சிறிது சிறிதாகச் சேர்த்து ஆறு அங்குலம்வரை உயர்த்துவது இம்முறை. 1940-களில் அமெரிக்காவின் ஒகையோ மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் கென்னார்டு, சேம்பர்லின் என்னும் இருவர் இதை ஆராய்ந்தனர். அடிக்கடி மாற்றாத, நன்கு பராமரித்த கூளத்தில் கோழிகள் நலமாக வளர்வதைக் கண்டனர். கூளத்தில் வாழும் நுண்ணுயிர்கள் எச்சத்தை மக்கச் செய்து சிறிது வெப்பத்தையும் தருகின்றன. பி-12 என்னும் வைட்டமினையும் உண்டாக்குகின்றன. "அப்படியே விட்டுவிடுவது" என்று இதற்குப் பொருளல்ல. வாரம் ஒருமுறையும், மழைக்காலத்தில் வாரம் இருமுறையும் கிளறிவிட வேண்டும். கட்டிதட்டிய பகுதியை அள்ளி வெளியே போட வேண்டும்.

வளர்ந்த கோழி கூளத்தைக் கொத்தித் தின்று கெட்டுப்போவது அரிது. அதனால் மரத்தூள், உமி, நார்க்கழிவு, கடலைத் தொலி ஆகிய எதையும் பயன்படுத்தலாம். வைக்கோலைப் போடுவதாயின் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். முழு வைக்கோல் பாய் போலப் பின்னிக்கொண்டு அடியில் ஈரத்தைத் தேக்கும். மரத்தூளை மில்லில் வாங்கும்போது, பூச்சி அரிக்காமலிருக்க மருந்து பூசிய மரத்தின் தூளா என்று கேட்டு வாங்க வேண்டும். முட்டையிடும் பெட்டிக்குள் மட்டும் வைக்கோலே சிறந்தது. முட்டை உருளாது, உடையாது, அழுக்காகாது.

எவ்வளவு கூளம் வேண்டும் என்பதை நாம் கணக்குப் பாடத்தால் அறியலாம். பத்தடிக்குப் பத்தடிக் கொட்டகையின் பரப்பு 100 சதுர அடி. முட்டைக் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வீதம் அதில் 50 கோழிகள் இருக்கலாம். நான்கு அங்குலம் என்பது அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே தேவையான கூளம் ஏறத்தாழ 33 கன அடி. அதே இடத்தில் 80 கோழிகளை அடைத்தால் எவ்வளவு உமி போட்டாலும் ஈரத்தைத் தாங்காது. இடநெருக்கடிக்குக் கூளம் மருந்தாகாது.

கைப்பிடிச் சோதனை

கூளம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரிக்க வேண்டும். உடனே உதிர்ந்து தூசி பறந்தால் மிகவும் உலர்ந்துவிட்டது. தூசி கோழியின் மூச்சுக்கு ஆகாது. லேசாகச் சேர்ந்து, தொட்டவுடன் உதிர்ந்தால் சரியான பதம். உருண்டையாகப் பிடித்துக் கொழுக்கட்டை போல நின்றால் ஈரம் மிகுதி. தண்ணீர்த் தட்டின் பக்கத்திலும், சுவர் ஓரத்திலும், நடுவிலும் என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்கக் கூடாது.

ஈரமான கூளத்தில் சுண்ணாம்பைத் தூவும் பழக்கம் உண்டு. இதில் நம் வேதியியல் பாடம் உதவுகிறது. அம்மோனியம் குளோரைடுடன் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா வெளிவரும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? எச்சம் நிறைந்த ஈரக் கூளத்திலும் அதுவே நிகழ்கிறது. சுண்ணாம்பு ஈரத்தைக் குறைக்கும். ஆனால் நெடியைக் கிளப்பிவிடும். எனவே முதலில் ஈரக் கட்டிகளை அள்ளிவிட வேண்டும். பிறகு சுண்ணாம்பை மெல்லத் தூவிக் கிளறி, காற்றோட்டமாகத் திறந்து வைக்க வேண்டும். குஞ்சுகள் இருக்கும் இடத்தில் தூவவே கூடாது. நெடியே தொல்லையாக இருந்தால் சூப்பர் பாஸ்பேட் உரம் சிறிது தூவலாம். அது அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர்த் தட்டைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் மேல் வைக்க வேண்டும். கூளம் நனைவதற்கு எச்சத்தைவிடச் சிந்தும் தண்ணீரே பல வீடுகளில் முதற்காரணம். சித்தியும் இப்போது இரண்டு செங்கல் வைத்துவிட்டார்.

சாரலுக்கு முன்பே சேமிப்போம்

புத்தகங்களில் சொல்லும் முறைகள் எல்லா ஊருக்கும் பொது. ஆனால் குற்றாலச் சாரல் எல்லா ஊருக்கும் கிடையாது. ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய் வழியே வரும் காற்று எங்கள் ஊர்வரை ஈரத்தைச் சுமந்து வருகிறது. மழை கொட்டுவதில்லை, ஆனால் துணி காய்வதில்லை. துணி காயாத நாளில் கூளமும் காயாது. அந்த நேரத்தில் எல்லாரும் உமி தேடுவர். கிடைக்கும் உமியும் நமுத்துப்போயிருக்கும்.

நெல்லைச் சீமையில் பிசான நெல் அறுவடையாவது மாசி, பங்குனியில். வெயில் நன்றாக அடிக்கும் அந்த மாதங்களில் நெல் மில்லில் உமியும் உலர்வாகக் கிடைக்கும். அப்போதே நான்கைந்து சாக்கு வாங்கி, ஒருநாள் வெயிலில் காயவைத்து, தரையில் படாமல் பலகையின் மேல் அடுக்கி வைத்தால், சாரல் வரும்போது நம் கையில் உலர்ந்த கூளம் இருக்கும். சாரல் அடிக்கும் திசையில் கொட்டகைக்குச் சாக்குப்படுதா கட்டி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். முற்றும் மூடினால் நெடி உள்ளேயே தங்கிவிடும். சாரல் காலத்தில் நார்க்கழிவைக் குறைத்து உமியைக் கூட்டுவதும் நல்லது. வெயில் காலத்தில் இதை மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கூளமும் வீணாவதில்லை. மக்கிய ஆழ்கூள எருவில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு தழைச்சத்து உண்டு. சாதாரணத் தொழுவுரத்தில் அரைப் பங்கு அளவே இருக்கும். கத்தரி, மிளகாய், வெங்காயம் முதலியவற்றைப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு அனுப்பும் உழவர்களுக்கு இது நல்ல உரம். ஆனால் பச்சையாக இட்டால் செடி கருகும். குவித்து மக்கவைத்த பிறகே இட வேண்டும். நோயால் கோழிகள் இறந்த கொட்டகையின் கூளத்தை மட்டும் வேறு குஞ்சுகளுக்குப் பயன்படுத்தவே கூடாது. அப்படிப்பட்ட நேரத்தில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை நாட வேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012-ஆம் ஆண்டு முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகிறது.

தோழியரே! குஞ்சுக்குத் தூய உமி இரண்டு அங்குலம். கோழிக்குக் கலந்த கூளம் நான்கு முதல் ஆறு அங்குலம். எதுவாயினும் உலர்வாக இருத்தல் வேண்டும். இவ்வளவே நாங்கள் கற்ற பாடத்தின் சாரம். அம்மா தீவனம் வாங்கக் கணக்குப் போடும்போது, ஒரு சாக்கு உமிக்கும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கைப்பிடிச் சோதனையை நீங்களே செய்யுங்கள். பள்ளிக்குப் புறப்படுமுன் அதற்கு இரண்டு நிமிடம் போதும்.